பார்க்க வருகிறவரின் கழுத்து

நான் வடிவமைத்த முதல் நிரந்தரக் காட்சிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சின்ன ஊர், பெயர் வேண்டாம். பழைய கட்டடம் ஒன்றின் மூன்று அறைகளில் அந்த வட்டாரத்துப் பானைகள், இரும்புக் கருவிகள், ஓலைச்சுவடிகள், பழைய புகைப்படங்கள் என்று வைத்திருந்தோம். யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா பேத்தியோடு வந்தார். பானைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றார். விவரம் எழுதிய பலகை பெட்டியின் அடிச்சட்டத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. எழுத்து குறுக்கே வந்து பொருளின் அழகைக் கெடுக்கக் கூடாது என்று நான்தான் அங்கே வைக்கச் சொல்லியிருந்தேன். அவர் தொடையில் கையூன்றிக் குனிந்து படித்தார். நிமிர்ந்து அடுத்த பெட்டிக்குப் போனார். அங்கேயும் குனிந்தார். மூன்றாவது பெட்டியில் குனியவில்லை. "நீயே படிச்சுச் சொல்லு கண்ணு" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டுச் சன்னலோரம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். மூன்று அறைகளிலும் உட்கார இருந்தது என் ஸ்டூல் ஒன்றுதான். கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாயிரு தாயி" என்றார். அந்தக் கூடத்தை வடிவமைத்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு எந்த வேலையை எடுத்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கழுத்தும் முதுகும்தான்.

இதில் எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஏனென்றால் படிக்கும்போதே இதைப் பாடமாகப் படித்திருந்தேன். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் 1916-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவரைக் காட்சிக்கூடத்துக்குள் அனுப்பி, பொருள்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கொடுத்து, பதில் தேடும்போது அவர் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று வரிசையாகப் புகைப்படம் எடுத்தார். கோட்டுப் போட்ட அந்த மனிதர் குனிகிறார், எக்குகிறார், கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைக்கிறார், ஏறக்குறைய தரையில் மண்டியிடுகிறார். ஒரு நாளில் ஓர் ஆள் இவ்வளவு நேரம் இப்படி வளைய முடியாது, ஆகையால் யாரும் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை என்று கில்மன் காட்டினார். அருங்காட்சியக அயர்ச்சி என்ற பேச்சு அந்தக் கட்டுரையால்தான் பரவியது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் படங்களில் இருந்த மனிதரைப் பார்த்து வகுப்பில் குறிப்பெடுத்தவள், முதல் வேலையிலேயே ஒரு பாட்டியை அதே மாதிரிக் குனிய வைத்தேன்.

எக்சிபிஷன் டிசைன் என்றால் என்ன என்று கேட்கிறவர்களிடம் கொலுவைச் சொல்வேன். எந்தப் பொம்மை எந்தப் படியில், எது முன்னால், எதற்குப் பின்னால் விளக்கு, வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று யோசிக்கிற எந்த வீட்டுக்காரருக்கும் இந்த வேலை பாதி தெரியும். மீதிப் பாதி, வருகிறவர் நமக்குத் தெரியாதவர் என்பது. அவருக்குத் தமிழ் படிக்க வருமா, கண் தெரியுமா, சக்கர நாற்காலியில் வருவாரா, கைக்குழந்தையோடு வருவாரா, பேருந்துக்கு நேரமாகிவிட்டதா, எதுவும் தெரியாது. பொருளைப் பற்றி நன்கு அறிந்த காப்பாட்சியர் ஒரு பக்கம், ஒன்றும் அறியாமல் ஆர்வத்தோடு வருகிற அந்த மனிதர் மறுபக்கம். இருவருக்கும் நடுவில் இருக்கிற பத்தடி இடம்தான் எங்கள் வேலை.

அந்தப் பத்தடியை எனக்கு முதலில் காட்டியது எந்தக் கல்லூரியும் இல்லை. என் அப்பா பந்தல்காரர். மதுரைத் தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி போடும்போது அரசுத் துறை அரங்குகளுக்குத் தட்டி கட்டுவார். சவுக்குக் கம்பு, கயிறு, கீற்று, சாயத்துணி. பள்ளி விடுமுறையில் நானும் கூடவே திரிவேன். ஓர் அரங்கில் தண்ணீர் ஓடுகிற அணை மாதிரியை வாசலிலேயே வைக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அப்பா அவரிடம் பணிவாகப் பேசி அதைக் கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நல்ல பொருள வாசல்ல வச்சா எல்லாரும் அங்கனயே நின்டுருவாங்கத்தா. பின்னாடி வர்றவன் உள்ள எட்டிப் பாத்துட்டு அடுத்த அரங்குக்குப் போயிருவான். தண்ணிச் சத்தம் உள்ள கேக்கணும். என்னன்னு பாக்க அவனா நடந்து வரணும்."

பிற்பாடு அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தபோது, நுழைவாயிலில் கூட்டம் தேங்காமலிருக்க என்ன செய்வது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் வைத்து ஆளை எப்படி உள்ளே இழுப்பது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். அப்பா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னது அதுதான். அந்த நிறுவனத்துக்கே காட்சியமைப்பில் பெரிய சரித்திரம் உண்டு. 1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961-இல் அது தொடங்கப்பட்டது. 1964 மே மாதம் நேரு இறந்தார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சி ஒன்றை அந்தத் தம்பதியும் அகமதாபாத்துக் குழுவும் சேர்ந்து சில மாதங்களில் செய்து முடித்தார்கள். 1965 ஜனவரியில் அது நியூயார்க்கில் திறக்கப்பட்டு, பிறகு பல நகரங்களுக்குப் போனது. கழற்றி, பெட்டியில் அடைத்து, கப்பலேற்றி, வேறு ஊரில் வேறு ஆள்கள் பூட்டும்படியான காட்சி. பந்தல் வேலையின் அடிப்படைச் சட்டமும் அதுதான்: கட்டியதெல்லாம் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றியதெல்லாம் அடுத்த ஊருக்கு ஆக வேண்டும். அப்பாவின் சவுக்குக் கம்புகள் திருவிழாவுக்கும் போகும், கல்யாணத்துக்கும் போகும், மறு வருடம் தமுக்கத்துக்கும் வரும். இன்று மூன்று நாள் கண்காட்சிக்கு ஃப்ளெக்ஸ், சன்போர்டு, தெர்மகோல் என்று லாரி நிறைய இறக்கி, நான்காம் நாள் அதே லாரியில் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இதில் சமாதானமே கிடையாது. என் வேலைகளில் சட்டங்களை இரும்பில் ஒரே அளவில் அடித்து வைத்திருக்கிறேன். மேலே போர்த்துகிற துணி மட்டும் மாறும். ஏழு வருடமாக அதே சட்டங்கள் ஓடுகின்றன.

ஒரு வேலை வந்தால் நான் முதலில் கேட்பது பொருள் பட்டியலை. கட்டட வரைபடம் அப்புறம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் நீளம், அகலம், எடை, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்பது வேண்டும். பட்டியல் கையில் இல்லாமல் அலமாரி செய்யக் கொடுத்து, கடைசியில் முதுமக்கள் தாழி உள்ளே நுழையவில்லை என்று கதவைக் கழற்றிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது, காலி அறைக்குள் பல வேளைகளில் போய் நிற்பது. காலையில் எந்தச் சன்னல் வழியாக வெயில் விழுகிறது, மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, பள்ளிக்கூட வண்டி வந்தால் நாற்பது பிள்ளைகள் எங்கே நிற்பார்கள். பிறகு சாக்பீஸால் தரையில் பெட்டிகளின் அளவைக் கோடு போட்டு, அட்டையையும் பழுப்புக் காகிதத்தையும் வெட்டி நிறுத்தி, ஆள்களை நடக்கவிட்டுப் பார்ப்போம். ஆசாரி, எலக்ட்ரீஷியன், காவலாளி, டீ கொண்டுவருகிற பையன், எல்லோரும் நடப்பார்கள். ஒரு சக்கர நாற்காலி போக 90 செ.மீ. வேண்டும், எதிரெதிரே இரண்டு வந்தால் 180. சுவரில் மாட்டுகிற பொருளின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நிற்கிற பெரியவர்கள் பலருக்குக் கழுத்து நேராக இருக்கும். பிள்ளைகளுக்கு அது எட்டாது. ஆகவே ஒவ்வோர் அறையிலும் ஒன்றிரண்டு பொருளையாவது அவர்கள் கண்ணுக்கு நேரே இறக்கி வைப்பேன். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று தன் கண்ணுக்கு நேராக ஒரு சுடுமண் பொம்மையைச் சந்திக்கும்போது முகத்தில் வருகிற மாற்றத்தைப் பார்த்தவர்கள் இதை விடமாட்டார்கள்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் மக்கள் என்னிடம் அதிகம் சண்டை போடுகிறார்கள். "என்னம்மா, இவ்வளவு செலவு செஞ்சுட்டு லைட்டு போடாம வச்சிருக்கீங்க?" திறப்புவிழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் இப்படிக் கேட்டு, கூட வந்தவர்கள் ஓடிப்போய் எல்லாச் சுவிட்சையும் போட்டார்கள். துணி, ஓலை, காகிதம், பழைய புகைப்படம், இயற்கைச் சாயம் இவற்றுக்கு உலகமெங்கும் ஒப்புக்கொண்ட வெளிச்ச அளவு 50 லக்ஸ். எண்ணெய் வண்ண ஓவியம் 200 வரை தாங்கும். கல்லுக்கும் உலோகத்துக்கும் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ஒரு அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். உச்சிவெயில் ஒரு லட்சம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதிலும் இது சேர்ந்துகொண்டே போகிற கணக்கு. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் திறந்து வைத்தால் 1,20,000 லக்ஸ்-மணி. வெளிச்சத்தை இரட்டித்தால் அங்கே வைத்த பழைய சேலையின் ஆயுள் பாதியாகிறது. அந்தச் சேலையை நெய்தவர் இல்லை, அந்தச் சாயத்தைக் காய்ச்சியவர் இல்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு உரிய வெளிச்சத்தை நாமே பார்த்துத் தீர்த்துவிட உரிமையில்லை.

ஆனால் கேட்டவர் மேலும் தப்பு இல்லை. வெயிலில் இருந்து வருகிறவரின் கண் அந்த அரைவெளிச்சத்துக்குப் பழக நேரம் வேண்டும். அதை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் வாசலுக்கும் துணி அறைக்கும் நடுவே ஒரு நடை வைக்கிறேன். சுவரின் நிறம் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு இறங்கும், விளக்கும் படிப்படியாகக் குறையும், நடுவில் நின்று படிக்க ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் கண் தயாராகிவிடும். அறை வாசலில் இரண்டு வரி: "இந்தச் சேலைகள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால் விளக்கைக் குறைத்திருக்கிறோம். சற்று நில்லுங்கள், தெரியும்." இதை எழுதி வைத்த இடத்தில் பிறகு யாரும் சண்டைக்கு வரவில்லை.

மரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தனியார் சேகரிப்பு ஒன்றில் புதுப் பிளைவுட்டில் அழகான பெட்டி செய்து பழைய ஈயக் காசுகளை வைத்திருந்தார்கள். ஆறே மாதத்தில் காசுகளின் மேல் வெள்ளை மாவு பூத்திருந்தது. யாரோ சுண்ணாம்பு சிந்திவிட்டதாக நினைத்துத் துடைத்திருக்கிறார்கள். துடைத்ததில் எழுத்தும் போயிற்று. மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வருகிற அமில ஆவி, காற்றுப் போகாத பெட்டிக்குள் ஈயத்தைத் தின்னும். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973-இல் இதற்கு ஒரு சோதனையை வகுத்தார். பெட்டி செய்யப் போகிற மரம், துணி, பெயின்ட் எதுவானாலும் அதில் ஒரு துண்டை, வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடும் துளி ஈரத்தோடும் ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். உலோகம் கறுக்காமலும் பூக்காமலும் இருந்தால் அந்தச் சரக்கை நம்பலாம். நம் ஊரில் 28 நாள் பொறுக்க யாருக்கும் நேரமில்லை என்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் பொறுத்திருந்த காசு அது. நான் இப்போது பெட்டியின் உட்புறத்தை பவுடர் கோட்டிங் செய்த இரும்புத் தகட்டிலும் கண்ணாடியிலுமே செய்கிறேன். விலை கூடுகிறது. வேறு எதையாவது குறைத்துக்கொள்கிறேன்.

சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. எனக்கு அந்தப் பெயர் பொறுக்காது, ஏனென்றால் அங்கே செப்புத்திருமேனிகள் இருக்கின்றன. 1851-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் நிற்கிற இடத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு தொழில் கேள்வி எழுகிறது. கோயிலில் உற்சவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டும் மாலையும் மூடியிருக்க முகமும் கையும் மட்டும் தெரியும். எண்ணெய் விளக்கு அசையும். முன்னால் பத்துத் தலை மறைக்கும். வீதியுலாவில் அவரே நம்மை நோக்கி ஆடி ஆடி வருவார். அருங்காட்சியகத்தில் அவர் அசையாமல் நிற்கிறார், நாம்தான் நடக்க வேண்டும். அந்த நடையை யார் அமைத்துக் கொடுப்பது?

சுவரோடு ஒட்டிய பெட்டியில், முகத்தில் மட்டும் ஒற்றை விளக்கு விழும்படி இருட்டில் நிறுத்துவது இப்போது எங்கும் பரவிவிட்ட பாணி. படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் சோழர் காலத்து ஸ்தபதி முதுகையும் முகத்தைப் போலவே முடித்திருக்கிறார். பின்னல், தோளில் இறங்குகிற மாலை, ஆடையின் முடிச்சு, எல்லாம் பின்னால் இருக்கிறது. சுவரில் ஒட்டினால் பாதிச் சிற்பத்தை மறைத்துவிட்டோம் என்றுதான் கணக்கு. இன்னொன்று, பீடத்தில் இருக்கும் வளையங்களும் துளைகளும். கம்பு கோத்துத் தோளில் தூக்கிப் போவதற்காக வைத்தவை. அந்தத் துளைகள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இருந்து, 'இதன் வழியே கம்பு நுழையும்' என்று ஒரு வரி இருந்தால் போதும். பார்க்கிறவர் மனதில் ஊர்வலம் கிளம்பிவிடும். அதற்குத் திரையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம்.

முதுகைக் காட்டுவதில் எனக்கு ஆசான் கார்லோ ஸ்கார்ப்பா என்ற இத்தாலியர். வெரோனா நகரத்தின் பழைய கோட்டையான காஸ்டெல்வெக்கியோவை 1958 முதல் 1964 வரை அருங்காட்சியகமாகச் செப்பனிட்டவர் அவர். அங்கே சில சிலைகள் வருகிறவருக்கு முகத்தைக் காட்டுவதில்லை. முதுகோ தோளோதான் முதலில் தெரியும். என்ன முகம் என்று அறிய நாமே சுற்றிப் போகிறோம், போகிற வழியில் அடுத்த சிலை கண்ணில் படுகிறது. கான்கிராண்டே என்ற பதினான்காம் நூற்றாண்டுப் பிரபுவின் குதிரைச் சிலையை, வெட்டவெளியில் நீட்டிய கான்கிரீட் மேடையில் உயரத்தில் நிறுத்தியிருக்கிறார். கீழே முற்றத்திலிருந்து ஒரு தரம், மேலே பாலத்திலிருந்து ஒரு தரம், பக்கத்தில் வந்து ஒரு தரம் என்று அவரைப் பல முறை சந்திக்கிறோம். அப்பா அணை மாதிரியைக் கடைசி மூலைக்குத் தள்ளியது எனக்கு அங்கே நினைவுக்கு வரும்.

பிரேசிலில் லீனா போ பார்டி இன்னும் துணிந்தார். சாவோ பாலோ கலை அருங்காட்சியகத்தின் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. 1968-இல் அது திறந்தபோது ஓவியங்களுக்குச் சுவரே தரவில்லை. ஒரு கான்கிரீட் கட்டையில் செருகி நிறுத்திய கண்ணாடிப் பலகை, அதில் ஓவியம். தடுப்பே இல்லாத பெரிய கூடத்தில் ஓவியங்கள் காற்றில் நிற்பதுபோல வரிசையாக நின்றன. யார் வரைந்தது, எந்த வருடம் என்ற விவரம் பின்பக்கம். பெரிய பெயரைப் படித்துவிட்டுப் பயபக்தியோடு பார்ப்பதற்கு முன்னால், உன் கண்ணால் முதலில் பார் என்பது அவர் எண்ணம். 1996-இல் அவற்றை எடுத்துவிட்டு வழக்கம்போல் சுவர் எழுப்பினார்கள். 2015-இல் கண்ணாடிப் பலகைகள் திரும்பி வந்தன. பெயரைப் பின்னால் வைப்பதை நான் எல்லா இடத்திலும் ஏற்கமாட்டேன். நம் ஊரில் படிக்க ஆசைப்பட்டு வருகிறவருக்கு எழுத்து உடனே கிடைக்க வேண்டும். ஆனால் பார்க்கிறவரை நம்ப வேண்டும் என்ற அந்த அம்மையாரின் பிடிவாதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுத்து என்றதும் எனக்குக் கோபம் வரும். நம் காட்சிக்கூடங்களில் தமிழ்ப் பலகை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதி, கடைசி வாரம் மொழிபெயர்த்து, ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அதே இடத்தில் திணித்தது. தமிழ்ச் சொல் நீளம், இடம் அதிகம் பிடிக்கும். உடனே எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள். 'கி'யின் மேல்கொக்கியும் 'கூ'வின் கீழ்ச்சுழியும் ஒன்றின் மேல் ஒன்று இடிக்க, வரிகள் நெரிசலாகின்றன. நான்கடி தூரத்தில் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த ஊரில் தமிழை முதலில் எழுத வேண்டும். பலகையின் அளவைத் தமிழுக்குத்தான் தைக்க வேண்டும்.

அளவும் முக்கியம். அமெரிக்காவில் பெவர்லி செரல் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளில் பார்வையாளர்களைக் கவனித்து, பெரும்பாலான காட்சிகளில் மக்கள் செலவிடுவது இருபது நிமிடத்துக்கும் குறைவு என்று 1998-இல் எழுதினார். நம் கூடம் ஒன்றில் 40 பலகை, பலகைக்கு 200 சொல் என்றால் 8,000 சொல். நிமிடத்துக்கு 150 சொல் படித்தாலும் 53 நிமிடம், அதுவும் நின்றுகொண்டே. யாருக்காக எழுதுகிறோம்? நான் ஒரு பொருளுக்கு 40 சொல் தாண்ட விடுவதில்லை. அறிஞர்கள் வருத்தப்படுவார்கள். அவர்கள் எழுதியதைப் புத்தகமாகப் போட்டு, அறையின் நடுவில் பெஞ்சும் போட்டு, அதன் மேல் வைத்துவிடுவேன். உட்கார்ந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பானை ஓட்டுக்கு எனக்கு வந்த வாசகம் இது: "கருப்பு சிவப்பு மட்கலன், எழுத்துப் பொறிப்புடன், ஆரம்ப வரலாற்றுக் காலம்." தவறில்லை. ஆனால் இதைப் படித்தவருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. நாங்கள் மாற்றியது: "சூளையில் கவிழ்த்து வைத்ததால் உள்ளே காற்றுப் போகவில்லை, அதனால் உட்புறம் கருப்பு. காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவப்பு. மேலே கீறியிருப்பது ஒருவரின் பெயர். முதல் எழுத்து எங்கே தொடங்குகிறது, தேடிப் பாருங்கள்." அந்தப் பெட்டியின் கண்ணாடியில் மட்டும் நாள்தோறும் விரல் ரேகைகள் நிறைந்திருக்கும். துடைக்கிற பெண் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அன்று ஒரு நல்ல நாள்.

கீழடிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் நம் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளிவந்த அறிக்கை சொன்னதிலிருந்து சனங்கள் அங்கே அகழாய்வுக் குழிகளைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். 2023 மார்ச் 5-ஆம் தேதி அங்கே அருங்காட்சியகம் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் தனித்தனிக் கட்டடங்கள், இடையே திறந்தவெளி. ஓர் அறை பார்த்து வெளியே வந்து, காற்று வாங்கி, அடுத்த அறைக்குப் போகலாம். கில்மன் சொன்ன அயர்ச்சிக்கு நம் முற்றமும் தாழ்வாரமும் எப்போதோ கண்டுபிடித்த மருந்து. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டுத் திறந்தார்கள். தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன, நாம் மேலே நின்று குனிந்து பார்க்கிறோம். இந்தக் குனிதலுக்கு அர்த்தம் உண்டு. தோண்டியவர் பார்த்த கோணம் அது.

இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் தொழில் நடக்கிற விதம் இன்னும் சரியாகவில்லை. பெரும்பாலும் எங்களைக் கூப்பிடுவது கட்டடம் முடிந்து, தரைக்கு கிரானைட் பதித்து, திறப்புவிழாத் தேதியும் குறித்த பிறகு. அதற்குள் பிளக் பாயின்ட் தவறான சுவரில் இருக்கும், கதவு குறுகலாக இருக்கும். வேலை உள்அலங்காரக் கணக்கில் சதுர அடி விலைக்கு டெண்டராகும். குறைந்த தொகை போட்டவருக்குக் கிடைக்கும். ஆராய்ச்சிக்கும் எழுத்துக்கும் மாதிரி செய்து பார்ப்பதற்கும் அந்த விலைப்பட்டியலில் ஒரு வரி கூட இருக்காது. தொடுதிரைக்கு மட்டும் தாராளமாக இருக்கும்.

தொடுதிரைக்கு நான் எதிரி இல்லை. ஓலைச்சுவடியின் எல்லா ஏடுகளையும் புரட்டிக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. காது கேளாதவருக்குச் சைகை மொழியில் விளக்கம் தரலாம். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த மறுமாதம் திரை அணைந்துவிடும். அதன் மேல் 'பழுது' என்று தாள் ஒட்டியிருப்பதை ஊர் ஊராகப் பார்க்கிறேன். ஒரு கூடத்தில் ஒன்பது திரையில் இரண்டுதான் எரிந்தன. காவலாளி ரிமோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வந்தால் மட்டும் போடுவார். அவர் நல்ல மனிதர், இருக்கிறதைக் காப்பாற்றுகிறார். திரைக்குக் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க பிரதிகளும் பிரெய்ல் பலகைகளும் செய்திருக்கலாம். அவை மின்சாரம் கேட்பதில்லை. ஒரு முறை சுடுமண்ணில் பானையின் பிரதி செய்து வைத்தோம். பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் விளிம்பைத் தடவி, "குயவர் விரல் இங்க நின்னிருக்கு" என்றார். அசலைப் பத்து முறை அளந்த எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அன்று மாலையே விளக்கைச் சாய்த்து வைத்து அந்த விரல்தடம் எல்லோருக்கும் தெரியும்படி செய்தோம்.

அருங்காட்சியகம் கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது மூன்றுதான்: அஸ்திவாரத்துக்கு முன்னால் பொருள் பட்டியலோடு எங்களைக் கூப்பிடுங்கள். திறந்த பிறகு ஐந்து வருடம் பராமரிக்கப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். எந்த அறையிலும் உட்கார இடம் இல்லாமல் திறக்காதீர்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வெளியே வரும் வழியில் பார்வையாளர் குறிப்பேடு ஒன்று, நூல் கட்டிய பேனாவோடு இருக்கும். 'அருமை', 'மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போகிறோம். நான் செய்த கூடங்களின் குறிப்பேடுகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்கி ஒரு பக்கம் விடாமல் படிக்கிறேன். எந்தப் பெட்டியின் எழுத்து படிக்க முடியவில்லை, எங்கே கழுத்து வலித்தது, எங்கே ஒரு நாற்காலி இருந்திருக்கலாம், எதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டீர்கள் என்று எழுதுங்கள். அம்மாவுக்கோ பாட்டிக்கோ எழுத வராவிட்டால் அவர்கள் சொல்வதைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள்.